மீற்றர் கண்ணாடியும் துடைக்கும் கையும்

மீற்றர் கண்ணாடியில் கிடக்கும் கீறல்களில் பெரும்பாலானவை வண்டி ஓடியதால் விழுந்தவை அல்ல, துடைத்ததால் விழுந்தவை. வாகனத்தின் உட்பக்கத்தைச் சுத்தம் செய்து பிழைப்பவன் இப்படிச் சொன்னால் கேட்பவர்களுக்கு வியப்பாக இருக்கும். ஆனால் கலேவெலயில் இந்த வேலைக்கு வரும் எந்த வண்டியை எடுத்தாலும் அதற்கான சாட்சி கண்ணெதிரே இருக்கிறது. ஒரு சின்ன டோர்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் போதும். ஸ்பீடோமீற்றருக்கு நேர் முன்னால், கை இலேசாக எட்டும் நடுப்பகுதியில், மயிரிழைக் கீறல்கள் நெருக்கமாகத் தெரியும். மேல் விளிம்பின் உள்மூலைக்கு வெளிச்சத்தைக் கொண்டுபோனால், விரல் நுழையாத அந்த இடுக்கில் வருடக்கணக்கான தூசி அடையாக அடைந்திருக்கும். அதை ஈரத் தூரிகையால் ஊறவைத்து எடுத்துவிட்டுப் பார்த்தால் அடியில் பிளாஸ்டிக் புதுசாகவே இருக்கும். தூசி அதிகம் கிடந்த இடத்தில் கீறல் இல்லை, கை அதிகம் பட்ட இடத்தில் இருக்கிறது. தலைக்கு மேலே உள்ள லைட்டின் மூடிக்கும் அதே வயதுதான், அதுவும் தெளிந்த பிளாஸ்டிக்தான். அதை யாரும் துடைப்பதில்லை, அதில் கீறலும் அபூர்வம்.

டோர்ச் வெளிச்சத்தில் அந்தக் கீறல்கள் விளக்கைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தெரியும். அதைப் பார்த்துவிட்டு, வட்டமாகத் தேய்த்ததால் வந்த வினை, நேர்கோட்டில் துடைத்திருந்தால் விழுந்திருக்காது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். டோர்ச்சை ஒரு சாண் நகர்த்திப் பாருங்கள், வட்டமும் கூடவே நகரும். கீறல்கள் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. வெளிச்சம் வரும் வழிக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்புகின்றன, மற்றவை அந்த நேரத்தில் தெரிவதில்லை. ஆகவே வட்டம் பிளாஸ்டிக்கில் இல்லை, நாம் பார்க்கும் விதத்தில் இருக்கிறது. இதை விளங்கிக்கொண்டால், எந்தத் திசையில் துடைப்பது என்ற விவாதம் தேவையற்றுப் போகும். துணிக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே என்ன அகப்பட்டிருக்கிறது என்பதுதான் பார்க்க வேண்டிய விஷயம்.

அகப்படுவது இந்த ஊர் மண். அம்பேபுஸ்ஸவில் தொடங்கிக் குருநாகல், கலேவெல, தம்புள்ளை, ஹபரணை வழியாகத் திருகோணமலைக்குப் போகும் ஏ-6 வீதியின் இரு பக்கமும், தம்புள்ளையை நெருங்க நெருங்க, உலர் வலயத்துச் செங்கபில மண்தான். அதில் குவார்ட்ஸ் மணல் நிறைய. கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7. மீற்றர் மூடிகளுக்குப் பயன்படும் அக்ரிலிக் ஏறத்தாழ 3 தான். பொலிகாபனேற் உடைவதற்கு அக்ரிலிக்கைவிட எவ்வளவோ கடினம், கீறலுக்கோ அதைவிட இளக்கம். இதோடு நெல்லும் சேர்ந்துகொள்கிறது. அறுவடைக் காலத்தில் நெல் மூட்டை ஏற்றும் லொறிகளின் கெபினுக்குள் பறக்கும் தூளை ஆட்கள் வெறும் உமித்தூள் என்று நினைக்கிறார்கள். உமியில் சிலிக்கா உண்டு. எரித்தபின் மிஞ்சும் சாம்பலில் பெரும்பங்கு அதுதான். அந்தத் தூளும் பிளாஸ்டிக்கைக் கீறக்கூடியது. மரக்கறி ஏற்றிக்கொண்டு இரவோடிரவாகத் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்குப் போகும் லொறிகளின் மீற்றர் கண்ணாடிகள் கார்களுடையதைவிட மங்கிக் கிடப்பதற்கு வண்டியின் வயது மட்டும் காரணமல்ல. மண்ணும் உமித்தூளும் படிந்த பிளாஸ்டிக்கை, ஸ்டியரிங்கில் கிடக்கும் அதே காய்ந்த துவாயால் நாளுக்கு இரண்டு தரம் துடைப்பதுதான் காரணம். காய்ந்த துணியால் தேய்த்தால் இன்னொரு கெடுதியும் உண்டு. பிளாஸ்டிக்கில் நிலைமின் ஏறி, சற்றுமுன் தட்டிவிட்ட தூசியை அதுவே திரும்ப இழுத்துக்கொள்ளும். துடைக்கத் துடைக்க அழுக்காகிறது என்று சாரதிகள் சொல்வது பொய்யல்ல.

இந்தப் பொருளின் இளக்கம் தெரிந்தேதான் ஏற்றுக்கொள்ளப்பட்டது. 1930களில் ஜெர்மனியில் பிளெக்ஸிகிளாஸ் என்றும் பிரித்தானியாவில் பெர்ஸ்பெக்ஸ் என்றும் விற்பனைக்கு வந்த அக்ரிலிக், கண்ணாடியைவிடப் பாதி எடை, வளைத்து வார்க்கலாம், ஒளி நன்றாகக் கடக்கும். இரண்டாம் உலக யுத்தத்தின் போர் விமானங்களில் விமானியின் தலைக்கு மேலிருந்த கூண்டு இதுதான். இதே ஏ-6 வீதி போய் முடியும் திருகோணமலையில், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட வந்தபோது சீனக்குடாவிலிருந்து எழும்பிய ஹரிகேன் விமானங்களின் கூண்டுகளும் பெர்ஸ்பெக்ஸால் ஆனவை. வானத்தில் தூரத்தே தெரியும் ஒரு புள்ளி எதிரி விமானமா, கூண்டில் ஒட்டிய அழுக்கா என்று விமானி தயங்கினால் உயிர் போகும். அதனால் கூண்டைக் கீறாமல் துடைத்து மினுக்குவது தரைப் பணியாளர்களின் முக்கிய வேலைகளில் ஒன்றாக இருந்தது. கூண்டு உடைந்து அதன் சிதறல் விமானிகளின் கண்ணில் தைத்தபோது கண் அதை வெறுக்காமல் ஏற்றுக்கொண்டதைக் கவனித்த ஹெரல்ட் ரிட்லி என்ற கண் வைத்தியர், 1949இல் லண்டனில் அதே பொருளால் வில்லை செய்து மனிதக் கண்ணுக்குள் வைத்தார். இன்று நம் வீட்டுப் பெரியவர்களுக்குக் கண்புரைச் சத்திரசிகிச்சையில் செயற்கை வில்லை வைப்பது அங்கிருந்து வந்ததுதான். கண்ணுக்குள் வைக்குமளவு தெளிந்த பொருள் நம் வண்டியில் இருக்கிறது. அதை மண் ஒட்டிய துவாயால் தேய்க்கலாமா என்பதே என் ஆதங்கம்.

கீறல் விழுந்துவிட்டது, எடுக்கத்தானே வேண்டும் என்பார்கள். எடுக்கலாம். ஆனால் எடுப்பது என்றால் என்ன என்பதை முதலில் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். கீறல் ஒரு பள்ளம். பள்ளத்தை நிரப்பப் பிளாஸ்டிக் வளராது. ஆகவே பள்ளத்தின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள பரப்பைத் தேய்த்து இறக்குகிறோம். தேய்ப்பது எதனால்? அதைவிடக் கடினமான மணியால். 1500 இலக்க வாட்டர் பேப்பரின் மணி ஏறத்தாழ 13 மைக்ரோன், 2000 இலக்கத்தில் 10 மைக்ரோன். மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒன்று. ஒவ்வொரு பேப்பரும் முந்தைய பேப்பரின் கீறலை அழித்துத் தன் கீறலை விட்டுச் செல்கிறது. அதன்பின் கொம்பவுண்ட், அதன்பின் இன்னும் மென்மையான பொலிஷ். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரோன் வரைதான். மிஞ்சும் கீறல்கள் அந்த அளவுக்கும் கீழே போனதும் ஒளி அவற்றைப் பொருட்படுத்தாமல் நேராகக் கடந்துவிடும். கண்ணாடி தெளிந்துவிட்டது என்கிறோம். கீறல் போகவில்லை, ஒளிக்கு எட்டாத அளவுக்குச் சிறுத்துவிட்டது. கடைசியில் பார்த்தால், கீறலை உண்டாக்கும் வேலையும் எடுக்கும் வேலையும் ஒரே வேலைதான். மணியின் பருமனும், நடுவே இருக்கும் ஈரமும், கையின் நிதானமுமே இரண்டையும் பிரிக்கின்றன. இதனால்தான் ஒவ்வொரு முறை பொலிஷ் பண்ணுவதும் ஒரு செலவு என்கிறேன். காசுச் செலவை மட்டும் சொல்லவில்லை. பிளாஸ்டிக்கின் உடம்பிலிருந்து கொஞ்சம் போகிறது, போனது திரும்பாது.

எனவே என் கணக்கில் வேலையின் பெரும்பகுதி கழுவுவதிலேயே முடிந்துவிட வேண்டும். வண்டியை நிழலில் விட்டுக் கதவுகளைத் திறந்து சூடு ஆறவிட வேண்டும். வெயிலில் நின்ற வண்டியின் டேஷ்போட் 65 பாகைக்கு மேல் போவது சாதாரணம், அந்தச் சூட்டில் எந்தத் திரவமும் காய்ந்து படலமாகிவிடும். பெயின்ற் அடிக்கும் மென்மையான மயிர்த் தூரிகையால், அழுத்தாமல், விளிம்பிலிருந்து வெளியே தூசியைத் தள்ளிக்கொண்டே வெக்யூம் குழாயைப் பக்கத்தில் பிடிக்க வேண்டும். பிறகு ஒரு கோப்பை தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு. மைக்ரோஃபைபர் துணியை நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, கண்ணாடியின் மேல் அப்படியே சற்று நேரம் விரித்துவிட வேண்டும். அழுக்கு ஊறித் துணியோடு வரட்டும், நாம் உரசிக் கிளப்பத் தேவையில்லை. துணியை ஒரு தரம் இழுத்ததும் மடித்துப் புதுப் பக்கத்தைத் திருப்ப வேண்டும். ஒரே பக்கத்தால் மறுபடி இழுத்தால் எடுத்த மண்ணையே திரும்பப் பூசுகிறோம். கடைசித் துடைப்புக்கு மழைத் தண்ணீரோ வடிகட்டிய தண்ணீரோ நல்லது. இந்தப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். அது காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும், பலர் அந்தப் புள்ளியைக் கீறல் என்று நினைத்து பொலிஷ் கேட்கிறார்கள். வினாகிரியில் நிறையத் தண்ணீர் கலந்து ஒத்தி எடுத்தால் புள்ளி கரைந்துவிடும். இவ்வளவும் செய்தபின் மிஞ்சும் கீறலின் மேல் நகத்தைக் குறுக்கே இழுத்துப் பார்க்க வேண்டும். நகம் தட்டாவிட்டால் பேப்பர் தேவையே இல்லை, பிளாஸ்டிக்குக்கென்றே செய்த மென்மையான பொலிஷ் போதும். நகம் தட்டினால் மட்டுமே வாட்டர் பேப்பர், அதுவும் தண்ணீரோடு. மீற்றருக்குத் தண்ணீர் ஆகாதே என்று பயப்படுவது நியாயம். அதனால்தான் கண்ணாடியின் மேல் எதையும் நேரே தெளிக்கக் கூடாது என்கிறோம். பிழிந்த துணியின் ஈரம் உள்ளே இறங்காது, ஸ்பிரே அடித்தது விளிம்பு வழியே இறங்கும். பேப்பர் போட வேண்டி வந்தால் மூடியைக் கழற்றி வெளியே எடுத்துச் செய்வதுதான் முறை.

பற்பசையால் தேய்த்தால் போய்விடுகிறதே, இவ்வளவு பாடு எதற்கு என்பது அடிக்கடி வரும் கேள்வி. போகிறது என்பதை மறுக்க மாட்டேன். பற்பசையில் கல்சியம் காபனேற்றோ சிலிக்காவோ நுண்தூளாக இருக்கிறது, அதுவும் ஒரு பொலிஷ்தான். நம் பாட்டன்மார் பல் விளக்கியதும் பித்தளைக் குடம் விளக்கியதும் ஒரே உமிக்கரியால். அந்த அறிவு நமக்குப் புதிதல்ல. ஆனால் பற்பசை பல்லின் எனாமலுக்காகச் செய்யப்பட்டது. எனாமலின் கடினம் மோஸ் அளவில் 5, அக்ரிலிக் அதைவிட எவ்வளவோ இளக்கம். டியூபில் உள்ள தூளின் பருமன் என்னவென்று நமக்குச் சொல்ல யாருமில்லை. வெள்ளைப் பசைக்கு ஒரு விளைவு, மணிமணியாக உள்ள ஜெல்லுக்கு இன்னொரு விளைவு. நடுவில் இருந்த நாலு கீறல் போய், முழுக் கண்ணாடியிலும் மெல்லிய பால்மங்கல் வரும். பகலில் அது தெரியாது. சாயந்தரம் தம்புள்ளைப் பக்கம் ஓட்டும்போது முதுகுப் பக்கத்து வெயில் பின்கண்ணாடி வழியே வந்து மீற்றரில் விழும். முள் எங்கே நிற்கிறது என்றே தெரியாமல் கண்ணாடி வெளுத்துவிடும். பிளாஸ்டிக் பொலிஷ் விலை கூடியது என்பது உண்மைதான். ஆனால் ஒரு மீற்றருக்குத் தேவைப்படுவது தேக்கரண்டியில் பாதிகூட இல்லை. ஒரு போத்தல் பல வண்டிகளுக்குப் போதும்.

இதைவிட ஆபத்தானது டேஷ்போட் மினுக்கும் திரவம். அதைத் தடவிய நிமிடமே கீறல்கள் மறைந்துவிடும், வண்டிக்காரருக்கும் திருப்தி, செய்தவருக்கும் காசு. மறைவதற்குக் காரணம் எளிது. காற்றின் ஒளிமுறிவு எண் 1, அக்ரிலிக்குக்கு 1.49, சிலிக்கோன் எண்ணெய்க்கு ஏறத்தாழ 1.40. கீறலுக்குள் காற்று இருக்கும்வரை ஒளி சிதறுகிறது. எண்ணெய் நிரம்பியதும் ஒளிக்குப் பள்ளம் இருப்பதே தெரிவதில்லை. நேர்மையாகச் சொன்னால் இது ஒரு தற்காலிக வைத்தியம், அப்படிச் சொல்லிச் செய்தால் குற்றமில்லை. சொல்லாமல் செய்வதுதான் பிழை. அந்தப் பிசுபிசுப்பு அடுத்த வாரமே வீதித் தூசியை வாரி ஒட்டவைத்துக்கொள்ளும், அடுத்த துடைப்பில் கீறல் இரட்டிப்பாகும். வேலை முடிந்தபின் சவுக்காரத் தண்ணீரால் ஒரு தரம் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். எண்ணெயால் மறைந்த கீறல் உடனே திரும்பி வரும், பொலிஷால் போனது வராது. தின்னர், பெற்றோல் பக்கமே போகக் கூடாது. அவை அக்ரிலிக்கை நேரடியாகத் தாக்கும். கொரோனாக் காலத்தில் கைக்கு அடித்த சனிடைசரையே டேஷ்போட்டுக்கும் அடித்துப் பழகியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வார்ப்பில் இழுவிசை தங்கியிருக்கும் இடங்களில், குறிப்பாகக் கிளிப் பொருந்தும் ஓரங்களில், மதுசாரம் பட்ட அக்ரிலிக் உள்ளே வலைவலையாய் வெடிக்கும். அமோனியா கலந்த கண்ணாடித் திரவம் பொலிகாபனேற்றுக்குப் பகை. அந்த வெடிப்பு மேற்பரப்புக் கீறல் அல்ல, எந்தப் பொலிஷும் அதற்கு மருந்தாகாது.

புது மூடியோ புது மீற்றரோ போட்டுவிட்டால் என்ன என்பவர்களுக்கும் பதில் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, சொந்தப் பாவனைக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த இடைவெளியில் இருந்த வண்டிகளையே வைத்துக் காப்பாற்றினோம். பத்து வருடத்துக்கு மேற்பட்ட வெகன் ஆர், அக்வா, விற்ஸ் எல்லாம் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. மூடியைத் தனியாக வாங்குவது பல மொடல்களுக்குச் சிரமம். கொழும்பில் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் தேடினாலும் பெரும்பாலும் கழற்றிய மீற்றர் முழுத் தொகுதியாகத்தான் கிடைக்கும். பல மொடல்களில் ஓடிய கிலோமீற்றர் கணக்கு அந்தத் தொகுதிக்குள்ளேயே இருக்கிறது. தொகுதியை மாற்றினால் கணக்கும் மாறும், பிறகு விற்கப் போகும்போது வாங்குபவர் சந்தேகப்படுவார், அதில் தவறும் சொல்ல முடியாது. நாலு கீறலுக்காக வண்டியின் நம்பகத்தை இழப்பது புத்தியல்ல. ஆனால் வெடித்த மூடி, சூட்டில் நெளிந்த மூடி, மீற்றரைப் படிக்கவே விடாத மூடி என்றால் மாற்றத்தான் வேண்டும். அங்கே பொலிஷ் பண்ணிக் காசு வாங்குவது அநியாயம்.

மெஷினால் செய்தால் நேரம் மிச்சமாகுமே என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். ஹெட்லைட்டுக்கு மெஷின் சரி, மீற்றர் மூடிக்குக் கைதான். அக்ரிலிக் 105 பாகை அளவில் இளகத் தொடங்கும். சுற்றும் பஞ்சு ஒரே இடத்தில் சில விநாடி நின்றால் அந்த இடம் அந்தச் சூட்டைத் தொட்டுவிடும், பிறகு மிஞ்சுவது இழுபட்ட தழும்பு. மூடி தட்டையானதும் அல்ல. வெளிச்சம் சாரதியின் கண்ணில் திரும்பி விழாதபடி வளைத்து வார்த்திருக்கிறார்கள். ஒரு கீறலை மட்டும் குறிவைத்துத் தேய்த்தால் அந்த இடம் குழிந்து, இலக்கங்கள் தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் நெளிந்து தெரியும். ஆகவே கீறல் ஓரிடத்தில் இருந்தாலும் சுற்றிலும் பரவலாகத் தேய்த்து இறக்க வேண்டும். புதிய வண்டிகளின் தொடுதிரைகளிலும் சில மீற்றர் மூடிகளிலும் மேலே ஒரு பூச்சு இருக்கிறது. அதில் பொலிஷ் பட்டால் கீறலுக்குப் பதில் திட்டு விழும், திட்டைப் போக்க வழியில்லை. ஓட்டோவின் பின் படங்கில் தைத்திருக்கும் தெளிந்த தாளோ பீவீசி. அது மிருதுவானது, அதற்கு வாட்டர் பேப்பர் ஆகவே ஆகாது. கழுவலாம், மெதுவாக பொலிஷ் பண்ணலாம், மஞ்சளாகி விறைத்துவிட்டால் வெட்டியெடுத்துப் புதுத் தாள் தைப்பதுதான் வழி, செலவும் அதிகமில்லை.

வண்டி வைத்திருப்பவர்களிடம் கேட்பது இரண்டே விஷயம். வீதித் தூசியோடு வந்து நிற்கும்போது மீற்றர் கண்ணாடியைக் காய்ந்த துணியால் தொடாதீர்கள். ஈரத்துணி கையில் இல்லாவிட்டால் தூசி அப்படியே கிடக்கட்டும், கிடக்கும் தூசி கீறாது. வேலைக்குக் கொண்டுவரும்போது அதில் முன்னர் என்ன போட்டீர்கள், பற்பசையா, மினுக்குத் திரவமா, சனிடைசரா என்று மறைக்காமல் சொல்லுங்கள். அதைத் தெரிந்துகொண்டால்தான் பேப்பரை எடுப்பதா, கழுவுவதோடு நிறுத்துவதா என்று முடிவெடுக்க முடியும்.